கறுப்புக் கேடயம், சிவப்புக் கேடயம்: யூதக் குடும்பப் பெயர்களின் கதை

கருந்துளைகளைப் பற்றி ஒரு பக்கமாவது படித்தவர்கள் 'ஷ்வார்ஸ்சைல்டு ஆரம்' என்ற சொல்லைத் தாண்டித்தான் வந்திருப்பீர்கள். ஒரு நட்சத்திரத்தை எவ்வளவு சிறிதாக அமுக்கினால் அதிலிருந்து ஒளிகூடத் தப்ப முடியாது என்று சொல்லும் அளவு அது. கணக்குப் போட்டவர் கார்ல் ஷ்வார்ஸ்சைல்டு. முதல் உலகப் போரில் ஜெர்மன் ராணுவத்தில் இருந்துகொண்டே, ஐன்ஸ்டைனின் புத்தம் புது சமன்பாடுகளுக்கு விடை கண்டுபிடித்து அனுப்பினார். அது 1916-ல் வெளியானது. அதே வருடம் மே மாதம் ஆள் இறந்தும் போனார். விஷயம் அதுவல்ல. அவர் பெயரை ஜெர்மனில் பிரித்தால் ஷ்வார்ஸ் என்றால் கறுப்பு, ஷில்டு என்றால் கேடயம். கறுப்புக் கேடயம்! 'கருந்துளை' என்ற பெயர் பிரபலமானதே 1967-க்குப் பிறகு, ஜான் வீலர் புண்ணியத்தில். அதற்கு ஐம்பது வருடம் முன்பே ஒருத்தர் கறுப்புக் கேடயத்தைப் பெயரில் சுமந்துகொண்டு வந்து அந்தக் கணக்கைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம்.

ஒரு மனிதனுக்கு எதற்குக் கறுப்புக் கேடயம் என்று பெயர் வைப்பார்கள் என்று சும்மா தேடப் போனேன். நாலு ராத்திரி போச்சு. தேடியதில் கிடைத்தது இது.

கார்ல் பிறந்த ஊர் ஃப்ராங்ஃபர்ட். அந்த ஊரில் 1462-ல் யூதர்களை எல்லாம் ஒரே தெருவுக்குள் குடியேறச் சொல்லி ஆணை போட்டார்கள். யூடன்காஸெ, அதாவது யூதர் தெரு. நீளம் சுமார் 300 மீட்டர், அகலம் மூன்று நாலு மீட்டர். ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வாசல் கதவுகளைப் பூட்டிவிடுவார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் அந்தச் சந்துக்குள் சுமார் 3000 பேர் வாழ்ந்திருக்கிறார்கள். வீட்டு எண் எல்லாம் கிடையாது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அடையாளம்: கப்பல், கழுகு, வாத்து, சிவப்புக் கேடயம், கறுப்புக் கேடயம். நம்ம ஊரில் 'மச்சு வீட்டுக்காரர்', 'கிணத்தடி வீட்டுக்காரர்' என்போமே, அதே கதைதான். கப்பல் வீட்டுக்காரர் ஷிஃப். கழுகு வீட்டுக்காரர் ஆட்லர். வாத்து வீட்டுக்காரர் கான்ஸ். சிவப்புக் கேடய வீட்டுக்காரர்தான், நீங்கள் நினைத்தது சரி, ராத்ஸ்சைல்டு. ஜெர்மனில் சொன்னால் ரோட்ஷில்டு.

இதில் ஒரு சின்ன வேடிக்கை. சிவப்புக் கேடய வீட்டில் அந்தக் குடும்பம் குடியேறியது 1567 வாக்கில். பிறகு வேறு வீட்டுக்கு மாறிவிட்டார்கள், பெயர் மட்டும் கூடவே வந்துவிட்டது. உலகப் புகழ் பெற்ற வங்கிக் குடும்பத்தைத் தொடங்கிவைத்த மாயர் ஆம்ஷெல் ராத்ஸ்சைல்டு (1744-1812) பணம் சேர்த்தபிறகு அதே தெருவில் வாங்கிய வீட்டின் பெயர் பச்சைக் கேடயம். பச்சைக் கேடய வீட்டில் சிவப்புக் கேடயம் குடியிருந்தார். :-)

ஆனால் ஃப்ராங்ஃபர்ட் ஒரு விதிவிலக்கு. ஜெர்மனி, போலந்து, ரஷ்யா பக்கத்து யூதர்களில் பெரும்பாலானவர்களுக்குப் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசி வரை குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையவே கிடையாது. பையன் என்றால் 'பென்', பெண் என்றால் 'பத்'. யாக்கோபின் மகன் தாவீது, தாவீது பென் யாக்கோப். அவனுக்கு ஒரு பையன் பிறந்தால் அவன் மோசே பென் தாவீது. யாக்கோப் அங்கேயே கழன்றுகொள்வார்.

தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. இனிஷியல் வைத்துக்கொள்கிற நமக்கு இது பச்சைத் தண்ணி. என் வீட்டில் நாலு தலைமுறையை வரிசையாக எழுதினால் அடுத்தடுத்த எந்த மூன்று பேருக்கும் பொதுவாக ஒரு பெயர் வராது. ஆன்லைன் விண்ணப்பத்தில் 'குடும்பப் பெயர்' என்ற கட்டம் சிவப்பாகச் சிணுங்கும்போது அப்பா பெயரைப் போட்டுத் தப்பிக்கிறோம். அப்புறம் வருகிற மடல் எல்லாம் 'அன்புள்ள' என்று அப்பாவை விசாரிக்கிறது. எனக்கு வெறும் எரிச்சல். இருநூற்றுச் சொச்சம் வருடம் முன்பு ஐரோப்பிய யூதர்களிடம் இதே கட்டத்தைக் கொண்டுவந்து நீட்டினார்கள். அங்கே அது எரிச்சலோடு முடியவில்லை.

(ஸ்பெயின், அரபு நாட்டுப் பக்க யூதர்களுக்கு வெகு காலம் முன்பே குடும்பப் பெயர் உண்டு. டொலேடோ நகரத்துக்காரர் டொலெடானோ. அபுலாஃபியா என்பது முழு அரபுப் பெயர். 1492-ல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டபோது போன இடத்துக்கெல்லாம் அந்தப் பெயர்களைக் கொண்டுபோனார்கள். இங்கே நான் பேசுவது வடக்கத்திக்காரர்களான அஷ்கெனாஸி யூதர்களைப் பற்றி.)

முதல் பெரிய ஆணை 1787 ஜூலை 23-ல் வந்தது. போட்டவர் ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசஃப். 1788 ஜனவரி 1 முதல் தன் ராஜ்ஜியத்து யூதர்கள் எல்லோருக்கும் நிலையான ஜெர்மன் குடும்பப் பெயர் இருக்க வேண்டும், அதை மாற்றக்கூடாது, அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஒரே பெயர் தொடர வேண்டும். மனிதர் கெட்டவர் இல்லை. அந்தக் காலக் கணக்கில் சீர்திருத்தவாதி. யூதர்கள் மீதிருந்த சில கட்டுப்பாடுகளை 1782-லேயே தளர்த்தியவர். ஆனால் அரசாங்கத்துக்குக் கணக்கு வேண்டும். வரி யாரிடம் வாங்குவது, பட்டாளத்துக்கு யாரைப் பிடிப்பது, வழக்கில் யார் யார் மீது கேஸ் போட்டார் என்று எழுதுவது? 'மோசேயின் மகன் யாக்கோப்' என்று ஒரே ஊரில் பதினைந்து பேர் இருந்தால் குமாஸ்தா என்ன செய்வார்? அந்த ராஜ்ஜியத்தில் யூதர்களைப் பட்டாளத்தில் சேர்க்க ஆரம்பித்ததும் அதே 1788-ல்தான்.

மற்ற ராஜாக்களும் சும்மா இருப்பார்களா? ரஷ்யா 1804-ல். நெப்போலியன் 1808 ஜூலையில். அவர் ஆணையில் ஒரு நிபந்தனை: புதிதாகப் பெயர் வைத்துக்கொள்கிறவர்கள் பழைய ஏற்பாட்டுப் பெயரையோ ஊர்ப் பெயரையோ வைத்துக்கொள்ளக் கூடாது. அதாவது யூதர் வழக்கமாக எதை எடுப்பாரோ அதைத் தவிர வேறு எதையாவது எடு! பிரஷ்யா 1812-ல் குடியுரிமை கொடுத்தது, பதிலுக்குப் பெயரைக் கேட்டது. முப்பது வருடத்துக்குள் ஐரோப்பாவின் பாதி யூதர்கள் அலுவலக வாசலில் வரிசையில் நின்று பெயர் வாங்கிக்கொண்டார்கள்.

எதைப் பெயராக எடுத்தார்கள் என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி.

பூசாரி வம்சத்துக்காரர்களுக்குக் கஷ்டமே இல்லை. எருசலேம் கோயிலில் பூசை செய்தவர்களின் வழிவந்தவர்கள் கோஹென், அவர்களுக்கு உதவியவர்கள் லேவி. இது அப்பா வழியாக வருகிற அந்தஸ்து, பெயர் அதற்குப் பின்னால் ஒட்டிக்கொண்டது. கோஹென் வம்சத்தினருக்கு இன்றும் மத விதிகள் உண்டு. விவாகரத்தான பெண்ணைக் கட்டக்கூடாது, சுடுகாடு இடுகாடு பக்கம் போகக்கூடாது. அந்தப் பெயர் ஊருக்கு ஊர் வேஷம் மாறியிருக்கிறது: கோன், கான், கஹானே. ரஷ்ய மொழியில் 'ஹ' ஒலி சரியாக இல்லாததால் 'க' ஆகி, கோகன், ககான். ஸ்டாலினுக்கு வலது கையாக இருந்த லாசர் ககனோவிச்சின் பெயருக்கு அர்த்தம் பூசாரியின் மகன்! கடவுள் இல்லை என்ற கட்சியின் பொலிட்பீரோவில் கடைசி வரை அந்தப் பெயரோடுதான் இருந்தார். காட்ஸ் என்ற பெயரைக் கேட்டால் ஜெர்மன்காரருக்குப் பூனை ஞாபகம் வரும். ஆனால் அது 'கோஹென் ட்ஸெடெக்', 'நேர்மையான பூசாரி' என்பதன் முதலெழுத்துச் சுருக்கம். சேகல் என்ற பெயரும் லேவியர்கள் வைத்துக்கொண்ட அப்படிப்பட்ட ஒரு சுருக்கம்தான்.

அடுத்து ஊர்ப் பெயர். 2023-ல் படம் பார்த்தோமே, ஓப்பன்ஹைமர், அது ரைன் நதிக்கரை ஓப்பன்ஹைம் ஊர்க்காரர் என்று அர்த்தம். கின்ஸ்பர்க் என்றால் க்யூன்ஸ்புர்க் ஊர். ஹோரோவிட்ஸ் என்றால் செக் நாட்டு ஹொரோவிட்ஸெ. ஷபைரோ என்றால் ஷ்பையர். இதில் ஒரு விஷயம் யோசித்துப் பாருங்கள். ஓப்பன்ஹைம் ஊரிலேயே இருக்கிறவனை யாரும் ஓப்பன்ஹைமர் என்று கூப்பிட மாட்டார்கள். கோயமுத்தூரில் இருக்கிற யாருக்கும் 'கோயமுத்தூர்க்காரர்' என்று பேர் வருமா? அந்த ஊரை விட்டு வெளியே போனால்தான் அந்தப் பெயர். ஊர்ப் பெயர் வைத்த யூதக் குடும்பம் ஒவ்வொன்றும் எப்போதோ ஓர் ஊரை விட்டுக் கிளம்பிய குடும்பம். பாதிப் பேர் கிளப்பப்பட்டவர்கள்.

தொழில் பெயர்களில் தையல்காரரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஜெர்மனில் ஷ்னைடர். போலந்துப் பக்கம் க்ராவிட்ஸ் (பாடகர் லென்னி க்ராவிட்ஸ் ஞாபகம் வருகிறதா?). ரஷ்ய மொழியில் போர்ட்னாய். ஹீப்ருவில் ஹயட். நாலும் ஒரே ஊசி, ஒரே நூல். குமாஸ்தா எந்த மொழியில் எழுதினாரோ அந்த மொழியில் ஆள் தையல்காரர் ஆனார்.

அம்மா பெயர்கள் உண்டு என்பது எனக்கு ஆச்சரியம். நமக்கு இனிஷியல் என்றாலே அப்பாதான், அம்மா பெயரைப் போடலாம் என்பதற்கே நாம் எவ்வளவு பேச வேண்டியிருந்தது! ரிவ்கின் என்றால் ரிவ்கா, அதாவது ரெபெக்காளின் பிள்ளை. சோர்கின் என்றால் சாராளின் பிள்ளை. பெர்ல்மான் என்பது பெரும்பாலும் பெர்ல் என்ற பெண்ணின் புருஷன். இன்றைய பெலாரஸின் கிழக்குப் பகுதியில் இந்த '-இன்' முடிகிற அம்மா பெயர்கள் கொத்துக் கொத்தாக இருக்கின்றன. ரஷ்யப் பேரரசில் பெயர் கொடுக்கிற வேலை பெரும்பாலும் உள்ளூர் யூத நிர்வாகமான 'கஹால்' கையில் இருந்தது. ஒரு வட்டாரத்தில் பெயர் வைத்தவர்களுக்கு ஒரு பாணி பிடித்துவிட்டால் வட்டாரம் முழுக்க அதே பாணிதான். சொந்த விருப்பத்தில் இதைச் செய்தவரும் உண்டு. 1978-ல் நோபல் பரிசு வாங்கிய ஐசக் பாஷெவிஸ் சிங்கரின் 'பாஷெவிஸ்', அவர் அம்மா பத்சேபாளின் பெயரிலிருந்து அவரே எடுத்து வைத்துக்கொண்டது.

கடைசியாக, எதற்கும் சம்பந்தமில்லாத அலங்காரப் பெயர்கள். கோல்டு, சில்பர், ரோஸன், ப்ளூமென் என்று முன்னால் ஒன்று, பெர்க் (மலை), டால் (பள்ளத்தாக்கு), ஃபெல்டு (வயல்), ஷ்டைன் (கல்) என்று பின்னால் ஒன்று. இரண்டையும் சேர்த்தால் பெயர் ரெடி. ரோஜாப் பள்ளத்தாக்கு, தங்க மலை, பூ வயல். மார்க் ஸக்கர்பெர்க் என்றால் சர்க்கரை மலை. 2006 வரை அமெரிக்க மத்திய வங்கித் தலைவராக இருந்த கிரீன்ஸ்பான் பெயருக்குச் செம்பில் பிடிக்கிற பச்சைக் களிம்பு என்று பொருள், அந்த நிறத்தை நினைத்து வைத்திருக்கலாம். ஆஸ்திரியா கையில் இருந்த கலீசியாவில் (இன்று போலந்தும் உக்ரைனும் பங்கு போட்டுக்கொண்டிருக்கிற நிலம்) இந்த மாதிரிப் பெயர்கள் மிக அதிகம்.

இதைச் சுற்றி ஒரு கதை உண்டு, எங்கே படித்தாலும் வரும். நல்ல பெயர் வேண்டுமென்றால் அதிகாரிக்கு லஞ்சம் தர வேண்டும். கொடுத்தவன் தங்க மலை, கொடுக்காதவனுக்கு ஏதாவது அசிங்கமான பெயர். ஒரு ஜோக்கும் உண்டு. ஒருவன் பெயர் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறான். மனைவி, "என்ன பேர் கொடுத்தாங்க?" என்கிறாள். "ஷ்வைஸ்" (வியர்வை). "ஐயோ, இதைவிட நல்ல பேர் கிடைக்கலியா?" "வாயை மூடு! அந்த 'வ' எழுத்துக்கே பாதிச் சொத்து போச்சு." ஜெர்மன் தெரிந்த யாரிடமாவது அந்த எழுத்தை எடுத்துவிட்டால் என்ன வார்த்தை வரும் என்று கேட்டுக்கொள்ளுங்கள், நான் எழுத மாட்டேன்.

இந்தக் கதையை ஊரெல்லாம் பரப்பியவர் கார்ல் எமில் ஃப்ரான்ஸோஸ் என்ற எழுத்தாளர், 1880 வாக்கில், அதாவது சம்பவம் நடந்து கிட்டத்தட்ட நூறு வருடம் கழித்து. எனக்கு இதில் பாதிதான் நம்பிக்கை. கலீசியா பரம ஏழை நிலம். தங்கமும் ரோஜாவும் காசு கொடுத்தால்தான் கிடைக்கும் என்றால் அத்தனை ஆயிரம் ஏழை கோல்டுபெர்க்குகளும் ரோஸன்பெர்க்குகளும் எங்கிருந்து வந்தார்கள்? இந்தப் பெயர்களை அகராதி போட்டுத் தொகுத்த அலெக்சாண்டர் பைடர் என்ற ஆராய்ச்சியாளரும் இந்த லஞ்சக் கதையை அப்படியே ஏற்கவில்லை. கேலிப் பெயர்கள் சில உண்மையிலேயே கொடுக்கப்பட்டிருக்கின்றன, மொத்தத்தில் அவை கொஞ்சம். ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சீக்கிரம் பெயர் வைத்து முடிக்க வேண்டிய குமாஸ்தா, இரண்டு துண்டுச் சொற்களை ஒட்டி ஒட்டிக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஜோக் பொய் சொல்லவில்லை. நம் பெயரைக் கொடுப்பது மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன் என்ற உணர்ச்சி நிஜம்.

அந்தப் பெயரை யூதர்கள் தங்களுக்குள் ரொம்பக் காலம் பொருட்படுத்தவே இல்லை என்பதைச் சொல்ல வேண்டும். ஜெபக்கூடத்தில் தோரா வாசிக்கக் கூப்பிடும்போது இன்றும் 'இன்னார் மகன் இன்னார்'தான். திருமணப் பத்திரத்திலும் அப்பா பெயர் வேண்டும். உடம்பு சரியில்லாதவருக்காகப் பிரார்த்திக்கும்போது அம்மா பெயரைச் சொல்வார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மனியின் யூதக் கல்லறைகளில் நிறையக் கற்களில் ஒரு பக்கம் ஹீப்ருவில் அப்பா பெயரோடும், மறுபக்கம் ஜெர்மனில் குடும்பப் பெயரோடும் எழுதியிருக்கும். முன்னது கடவுளுக்கு, பின்னது கார்ப்பரேஷனுக்கு.

ஆனால் இரண்டு மூன்று தலைமுறையில் அந்த அரசாங்கப் பெயர் தோலோடு ஒட்டிவிட்டது. மெண்டல்சோன் குடும்பத்தைப் பாருங்கள். டெஸ்ஸாவு ஊரில் பிறந்த தத்துவ அறிஞர் மோசஸ் (1729-1786), மெண்டெல் என்பவரின் மகன். எந்த ஆணையும் வருவதற்கு முன்பே 'பென் மெண்டெல்' என்பதை ஜெர்மனில் திருப்பி மெண்டல்சோன் என்று வைத்துக்கொண்டார். அவர் மகன் ஆப்ரஹாம் வங்கிக்காரர். பிள்ளைகளுக்கு 1816-ல் ஞானஸ்நானம் கொடுத்தார், 1822-ல் தானும் மனைவியும் எடுத்துக்கொண்டார்கள். கூடவே பார்த்தோல்டி என்ற கிறிஸ்தவப் பெயரையும் சேர்த்துக்கொண்டார். அது மனைவியின் தம்பி, குடும்பம் வாங்கிய ஒரு தோட்டத்தின் பழைய சொந்தக்காரர் பெயரிலிருந்து எடுத்துக்கொண்டது! பேரன் ஃபெலிக்ஸ்தான் கல்யாண வீடுகளில் வாசிக்கிற அந்த 'வெடிங் மார்ச்' எழுதிய இசைமேதை. 1829-ல் மகன் லண்டனில் இருந்தபோது அப்பா ஒரு கடிதம் எழுதினார்: மெண்டல்சோனை விட்டுவிடு, பார்த்தோல்டி என்று மட்டும் போடு, கிறிஸ்தவ மெண்டல்சோன் என்பது யூத கன்ஃபூசியஸ் மாதிரி நடக்காத காரியம் என்று. பையன் கேட்கவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டார். எனக்கு அப்பா மேல் கோபம் வரவில்லை. பிள்ளைக்கு வழி சீராக இருக்கட்டும் என்று நினைக்கிற சாதாரண அப்பா. ஆனால் 1936-ல் லைப்ஸிக் நகரத்தில் ஃபெலிக்ஸின் சிலையை நாஜிகள் இரவோடு இரவாக எடுத்தபோது பார்த்தோல்டி எந்தக் காப்பையும் தரவில்லை.

இங்கேதான் இந்தக் கதை என்னை உட்கார விடாமல் செய்தது. 'ஜெர்மன் பெயர் வைத்துக்கொள்' என்று சட்டம் போட்டது ராஜாக்கள். வைத்துக்கொண்டார்கள். கொஞ்ச வருடத்தில் அந்த ஜெர்மன் பெயர்களே 'யூதப் பெயர்' என்று கேலிக்கு ஆளாயின. கோன் என்ற பெயர் கேலிச் சித்திரங்களிலும் நையாண்டிப் பாட்டுகளிலும் அடிபட்டது. மாற்றிக்கொள்கிறேன் என்று மனுப் போட்டால், அடையாளத்தை மறைக்கப் பார்க்கிறாய் என்று அதிகாரிகள் இழுத்தடித்தார்கள். ஒரு பெயரைக் கட்டாயமாகக் கொடுத்துவிட்டு, அதற்காகவே அடித்து, கழற்றவும் விடாமல் பிடித்துக்கொள்வது!

பெர்லின் போலீஸ் துணைத் தலைவராக இருந்த பெர்ன்ஹார்டு வைஸ் ஒரு யூதர். வைஸ் என்றால் வெள்ளை, பெர்ன்ஹார்டு அசல் ஜெர்மன் பெயர், பிடித்துத் தொங்க எதுவும் இல்லை. கோயபல்ஸ் தன் பத்திரிகையில் அவரை 'இசிடோர்' என்று கூப்பிட ஆரம்பித்தார். யூதர்களைக் கேலி செய்யப் பயன்பட்ட பெயர் அது. வைஸ் வழக்கு மேல் வழக்குப் போட்டார், பெரும்பாலும் ஜெயித்தார். தீர்ப்புகள் காகிதத்தில் இருந்தன, 'இசிடோர்' தெருவில் இருந்தது. 1933-ல் நாட்டை விட்டுத் தப்பி ஓட வேண்டியதாயிற்று.

நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் ஒரு நிர்வாகச் சிக்கலைக் கண்டுபிடித்தார்கள். குடும்பப் பெயரை வைத்து யூதர் யாரென்று சொல்ல முடியவில்லை. ரோஸன்பெர்க் என்றால் யூதர் என்று எடுத்துக்கொள்ளலாமா? அந்தக் கட்சியின் தலைமைச் சித்தாந்தவாதியின் பெயரே ஆல்ஃபிரெட் ரோஸன்பெர்க்! (யூதர் இல்லை, பால்டிக் பகுதி ஜெர்மானியர். நியூரம்பெர்கில் 1946-ல் தூக்கில் போட்டார்கள்.) ஆகவே 1938 ஆகஸ்ட் 17-ல் ஓர் ஆணை. அரசாங்கப் பட்டியலில் உள்ள யூத முதற்பெயர் இல்லாதவர்கள், ஆண் என்றால் 'இஸ்ரேல்', பெண் என்றால் 'சாரா' என்று கூடுதல் பெயர் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1939 ஜனவரி 1 முதல் அமல். நூற்றைம்பது வருடம் முன்பு ஒரு ஜனவரி 1-ல் ஜெர்மன் பெயரைத் திணித்தார்கள், இன்னொரு ஜனவரி 1-ல் யூதப் பெயரைத் திணித்தார்கள். இரண்டுமே குமாஸ்தாவின் வசதிக்கு. முதலாமவருக்கு எண்ண வேண்டியிருந்தது, இரண்டாமவருக்குப் பிரிக்க வேண்டியிருந்தது. இந்தச் சட்டத்தை எழுதுவதில் பங்கெடுத்த ஹான்ஸ் குளோப்கெ என்ற அதிகாரி, போருக்குப் பிறகு மேற்கு ஜெர்மனியில் அடெனாயர் அலுவலகத்தின் தலைமை அதிகாரியாக 1953 முதல் 1963 வரை இருந்தார். இதைப் படித்தபோது பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

கப்பலேறி அமெரிக்கா போனவர்கள் கதை வேறு மாதிரி. எல்லிஸ் தீவில் அதிகாரிகள் வாயில் நுழையாத பெயர்களை வெட்டிச் சுருக்கிவிட்டார்கள் என்று எல்லாக் குடும்பத்திலும் ஒரு கதை இருக்கும். ஷான் ஃபெர்குசன் ஜோக் ரொம்பப் பிரபலம். பதற்றத்தில் தன் புதுப் பெயரை மறந்துபோன ஒரு கிழவர் இத்திஷ் மொழியில் "ஷோய்ன் ஃபர்கெஸ்ஸன்" ("மறந்தே போச்சு") என்று சொல்ல, அதிகாரி 'ஷான் ஃபெர்குசன்' என்று எழுதிக்கொண்டாராம். ஜோக் அருமை. நடந்திருக்க வழியில்லை. 1892-ல் திறந்த அந்த நிலையத்தில் அதிகாரிகள் பெயர்களைப் புதிதாக எழுதவில்லை, புறப்பட்ட துறைமுகத்தில் கப்பல் கம்பெனி தயாரித்த பட்டியலை வைத்துச் சரிபார்த்தார்கள். மொழிபெயர்ப்பாளர்களும் இருந்தார்கள்.

பெயரை மாற்றியது அவர்களேதான், பிற்பாடு, நீதிமன்றத்தில் மனுப் போட்டு. கிர்ஸ்டன் ஃபெர்மாக்லிச் என்ற வரலாற்றாசிரியர் நியூயார்க் நகர நீதிமன்ற மனுக்களை அலசி 2018-ல் ஒரு புத்தகம் எழுதினார். மனுப் போட்டவர்களில் யூதர்கள் அவர்கள் எண்ணிக்கைக்கு மிஞ்சிய அளவில் இருக்கிறார்கள், பல நேரம் குடும்பம் குடும்பமாக. மனுவில் காரணமாக எழுதியது என்ன? உச்சரிக்கக் கஷ்டம், வெளிநாட்டுப் பெயர் மாதிரி இருக்கிறது. வேலை கிடைக்கவில்லை, கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை என்பது அதற்குப் பின்னால் இருந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1922-ல் விண்ணப்பப் படிவத்தில் ஒரு கேள்வியைச் சேர்த்தது: பிறந்ததிலிருந்து உங்கள் பெயரிலோ உங்கள் அப்பாவின் பெயரிலோ ஏதாவது மாற்றம் செய்யப்பட்டதா, விவரிக்கவும். எதற்குக் கேட்கிறார்கள் என்று கேட்கிறவருக்கும் தெரியும், எழுதுகிறவருக்கும் தெரியும். விண்ணப்பம் நிரப்பிக்கொண்டே இருக்கிற வயதில் இருக்கும் நமக்கு அந்தக் கட்டத்துக்கு முன்னால் பேனாவோடு உட்கார்ந்திருந்த பதினெட்டு வயசுப் பையனைக் கற்பனை செய்வது கஷ்டமில்லை.

மாற்றாதவர்களும் இருந்தார்கள். ஐசக் அசிமோவ் 1923-ல் மூன்று வயதில் ரஷ்யாவிலிருந்து வந்தவர். ரஷ்ய மொழியில் குளிர்காலத்துக்கு முன் விதைக்கிற தானியத்துக்கு உள்ள சொல்லிலிருந்து வந்த பெயர் அது, முன்னோர் தானிய வியாபாரம் செய்தவர்கள். ரஷ்ய உச்சரிப்புப்படி 'இஸட்' வர வேண்டிய இடத்தில், ஆங்கில எழுத்து புதிதாகக் கற்றுக்கொண்ட அப்பா 'எஸ்' போட்டுவிட்டார். மகன் அதையும் மாற்றவில்லை. யாராவது இஸட் போட்டு எழுதிவிட்டால் மட்டும் கோபம் வரும். ஒரே ஓர் எழுத்து மாறுவதால் ஒரு மனிதனின் தலைவிதி மாறுகிற சிறுகதை ஒன்றை 1958-ல் எழுதினார்.

இஸ்ரேலில் அலை நேர் எதிர்த்திசையில் அடித்தது. அங்கே கோல்டுபெர்க் என்ற பெயரே பழைய அடிமைத்தனத்தின் சீட்டு என்று பார்த்தார்கள். டேவிட் க்ரூன் தன்னை பென்-குரியன் ஆக்கிக்கொண்டார்; ரோமாபுரியை எதிர்த்த கிளர்ச்சிக் காலத்துத் தலைவர் ஒருவரின் பெயர். பிரதமரானதும் மற்றவர்களையும் விடவில்லை. கோல்டா மேயர்சன் 1956-ல் வெளியுறவு அமைச்சர் ஆனபோது அவர் வற்புறுத்தலால்தான் கோல்டா மெயிர் ஆனார். ஷ்கோல்னிக் எஷ்கோல் ஆனார், பெர்ஸ்கி பெரெஸ் ஆனார், ஷைனர்மான் ஷரோன் ஆனார். ஹீப்ருவைப் பேச்சு மொழியாக எழுப்பிய எலியேசர் பெர்ல்மான், 'யெஹூதாவின் மகன்' பென்-யெஹூதா ஆனார். அவர் அப்பா பெயர் யெஹூதாதான், ஆக ஆணைகளுக்கு முந்தைய இடத்துக்கே போய்ச் சேர்ந்தார். முதல் ஜனாதிபதி ஹாயிம் வைஸ்மன் மட்டும் கடைசி வரை வைஸ்மனாகவே இருந்தார். இந்த மாற்றங்களைப் பற்றி எனக்கு இரண்டு மனது. சொந்தமாகத் தேர்ந்தெடுத்த பெயர் என்பது பெரிய விஷயம். ஆனால் பிரதமர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு 'மாத்திக்கோ' என்று சொன்னால் அதுவும் ஆணை மாதிரிதான் கேட்கிறது.

யாரும் சொல்லாமல் மாற்றிக்கொண்டவர் ஒருவர் உண்டு. எருசலேமில் புத்தகங்களால் நிறைந்த ஒரு வீட்டில் பிறந்த ஆமோஸ் கிளவுஸ்னர். பன்னிரண்டு வயதில் அம்மா தற்கொலை செய்துகொண்டார். இரண்டு மூன்று வருடத்தில் பையன் அப்பாவையும் வீட்டையும் விட்டு ஹுல்டா என்ற கிப்புட்ஸ் பண்ணைக்குப் போய்விட்டான். கிளவுஸ்னர் படித்தவர்கள் மத்தியில் பெருமையான பெயர், தாத்தாவின் அண்ணன் நாடறிந்த அறிஞர். அதைக் கழற்றிவிட்டு 'ஓஸ்' என்று வைத்துக்கொண்டான். ஹீப்ருவில் வலிமை என்று பொருள். அந்த வயதில் அவனிடம் இல்லாதது அதுதான் என்று நினைக்கிறேன். அந்தப் பையன்தான் நாவலாசிரியர் ஆமோஸ் ஓஸ், 2018-ல் காலமானார். அவருடைய மகள் ஃபானியா ஒரு வரலாற்றாசிரியர். அவருக்கு வைத்தது இறந்துபோன பாட்டியின் பெயர். கல்யாணத்துக்குப் பிறகும் அப்பா உண்டாக்கிய பெயரை விடாமல், ஃபானியா ஓஸ்-சால்ஸ்பெர்கர் என்று கையெழுத்துப் போடுகிறார்.